இறால் ஓட்டிலிருந்து குதிரையின் முட்டி வரை

அரூர், சேர்த்தலைப் பக்கத்து இறால் உரிக்கும் கொட்டகைகளில் பெண்களின் விரல்கள் நிற்பதே இல்லை. ஒரு கை இறாலைப் பிடிக்கும், இன்னொரு கை தலையைத் திருகி எடுக்கும், அடிவயிற்றுப் பக்கம் ஓட்டை நெகிழ்த்திக் கழற்றும். சதை ஒரு தட்டுக்குப் போகும், தலையும் ஓடும் கூடைக்குப் போகும். கரைக்கு வந்த இறாலின் எடையில் ஏறக்குறைய பாதி அந்தக் கூடையில்தான் சேர்கிறது. சதை ஐஸ் கட்டிகளோடு கப்பல் ஏறிவிடும். இந்தக் கட்டுரை கூடையின் பின்னால் போகிறது. அதில் கிடக்கும் ஓட்டின் ஒரு சிறு பங்கு, வட்டவடை மலைச்சரிவில் பூண்டு மூட்டை சுமக்கும் ஒரு குதிரையின் தீவனத் தொட்டி வரைக்கும் வர முடியும்.

உறைய வைத்த இறால் கொச்சியிலிருந்து முதன்முதலாக வெளிநாடு போனது 1953இல். அதே ஆண்டில்தான் கொல்லத்தை அடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரையில் விசைப்படகுகளைக் கொண்டுவந்த இந்திய-நார்வே திட்டம் தொடங்கியது. பத்து, பதினைந்து ஆண்டுகளில் இறால் கேரளக் கரையின் தங்கமாகிவிட்டது. கூடவே ஓட்டுக் குவியலும் வளர்ந்தது. இறால் ஓடு சில மணி நேரத்தில் நாற ஆரம்பித்துவிடும். காயலோரத்தில் கொட்டினால் தண்ணீர் கெடும், வெயிலில் காயப்போட்டால் ஊர் மூக்கைப் பொத்தும். 1957இல் கொச்சியில் தொடங்கப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இந்தக் குப்பையை என்ன செய்யலாம் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்து கைட்டின், கைட்டோசான், குளுக்கோசமைன் ஆகிய மூன்றையும் ஓட்டிலிருந்து பிரிக்கும் முறைகளை உருவாக்கியது. நீண்டகரையில் மத்ஸ்யஃபெட் கூட்டுறவு அமைப்பு கைட்டோசான் ஆலையே நடத்துகிறது. நாம் பின்தொடரும் வெள்ளைப் பொடியான குளுக்கோசமைன் அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி.

ஆலைக்குள் நடப்பதைக் கொஞ்சம் அருகில் நின்று பார்க்கலாம். கழுவிய ஓட்டை முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுகிறார்கள். ஓட்டுக்கு விறைப்பைத் தரும் சுண்ணாம்பு கரையும்போது தொட்டி முழுக்க நுரை பொங்கும். அது கரியமில வாயு. சுண்ணாம்பு போனதும் ஓடு துவண்டுவிடும். அடுத்து, சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் புரதம் கழன்றுபோகும். மிஞ்சுகிற வெளுத்த சருகுதான் கைட்டின். அதை அடர்ந்த அமிலத்தில் மணிக்கணக்காகச் சூடாக்கினால் நீண்ட சங்கிலி கண்ணி கண்ணியாக அறுந்து, கரைசல் பழுப்பாகிறது. கரித்தூளால் நிறத்தை எடுத்து, வடிகட்டி, படிகமாக்கி, சாராயத்தில் அலசி உலர்த்தினால் வெள்ளைப் படிகம் கிடைக்கும். நாக்கில் வைத்தால் லேசாக இனிக்கும். இதுதான் குளுக்கோசமைன் ஹைட்ரோகுளோரைடு. கடல் வாசனை போன இடம் தெரியாது.

இந்தச் சமையலின் மூல வடிவம் 1876இல் ஜெர்மானிய மருத்துவர் கெயார்க் லெடர்ஹோஸ் கண்டறிந்தது. கைட்டினை அமிலத்தில் கொதிக்க வைத்து இந்தச் சர்க்கரையை முதலில் பிரித்தவர் அவர். மூட்டுவலி அப்போது யார் நினைவிலும் இல்லை. பிற்காலத்தில், நம் மூட்டுகளின் குருத்தெலும்பைக் கட்டும் பொருள்களுக்குள்ளும் இதே சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தபோதுதான் ஒரு நம்பிக்கை முளைத்தது: தேய்ந்த மூட்டுக்கு அதன் கட்டுமானப் பொருளையே வாய்வழியாகக் கொடுத்தால் என்ன? கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் குதிரையின் உடல் இந்தச் சர்க்கரையைக் குளுக்கோசிலிருந்து தானே செய்துகொள்கிறது என்பதும், தேய்மானத்தின் காரணம் பெரும்பாலும் பொருள் பற்றாக்குறையாக இருப்பதில்லை என்பதும் அந்த நம்பிக்கையின் வேகத்தில் அடிபட்டுப் போயின.

1997இல் அமெரிக்காவில் ஜேசன் தியோடசாகிஸ் எழுதிய மூட்டுவலிப் புத்தகம் பெரும் விற்பனை கண்டது. குளுக்கோசமைனும், விலங்குகளின் குருத்தெலும்பிலிருந்து எடுக்கும் காண்ட்ராய்டினும் வீட்டு அலமாரிக்குள் நுழைந்தன. 2006இல் 1583 முழங்கால் நோயாளிகளை வைத்து அமெரிக்க அரசு நிதியில் நடந்த ஆய்வு, ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் இவை வெற்று மாத்திரையை விட மேல் என்று சொல்ல முடியவில்லை என்றது. வலி கடுமையாக இருந்த ஒரு சிறு பிரிவினருக்கு மட்டும் இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததில் ஓரளவு பலன் தெரிந்தது. அதற்குள் பொடி மனிதரைத் தாண்டிவிட்டது. சவாரிக் குதிரை, பந்தயக் குதிரை வைத்திருப்பவர்கள் வாளி வாளியாக வாங்கத் தொடங்கியிருந்தார்கள்.

இனி மலை. கொச்சியிலிருந்து மூணாறு, அங்கிருந்து மாட்டுப்பெட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன், பாம்பாடும் சோலைக் காட்டுக்குள் ஒரு துண்டுப் பாதை, அதைத் தாண்டினால் வட்டவடை. மூணாறிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர். இடுக்கி மாவட்டம், கேரளத்துப் பஞ்சாயத்து, பேச்சு தமிழ். கோவிலூர், கொட்டாக்கம்பூர், சிலந்தியாறு, பழத்தோட்டம் என்று ஊர்கள். பள்ளத்தாக்கு முழுக்கப் படிப்படியாக வெட்டிய வயல்கள்: கேரட், உருளை, முட்டைக்கோஸ், பீன்ஸ், பூண்டு. காந்தளூரையும் வட்டவடையையும் சேர்த்து இந்தப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் கிளாவரை, பூண்டி, மன்னவனூர் என்று கொடைக்கானல் மேல்மலை. அங்கே விளையும் மலைப்பூண்டுக்கும் 2019இல் அதே குறியீடு வந்தது. இரண்டு மாநிலம் என்றாலும் மண், பனி, பூண்டு, பாஷை எல்லாம் ஒன்று. வயலிலிருந்து வண்டி நிற்கும் சாலை வரைக்கும் மூட்டையை ஏற்றிக்கொண்டு போவதும் இரண்டு பக்கத்திலும் ஒன்றே: மட்டக்குதிரை, சில இடங்களில் கோவேறு கழுதை.

இந்த மலையில் சுமைக்கு இயந்திரம் வைத்துப் பார்த்த கதையும் உண்டு. 1902இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளம் போட்டு மாடுகளை விட்டு வண்டியை இழுக்க வைத்தார்கள். 1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகல ரயில் பாதை போட்டார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவட வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி போடிக்குப் போயின. 1924இல், மலையாளிகள் இன்றும் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்று சொல்லும் பெருமழையில் ரயில் பாதை அடித்துக்கொண்டு போனது. பிறகு கட்டவே இல்லை. அதெல்லாம் தோட்டக் கம்பெனியின் தேயிலைக்காக வந்தது. படிவயலுக்குள் அன்றும் இன்றும் நாலு கால்தான் போக முடியும்.

அந்த நாலு காலின் கணக்கைப் பார்க்க வேண்டும். சமதளத்தில் நிற்கும்போதே குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்கள் மேல்தான். மூட்டையோடு இறக்கத்தில் இறங்கும்போது உடல் முன்னால் சாய்ந்து பாரம் இன்னும் கூடுதலாக முன்பக்கம் வரும். குளம்புக்கு மேலே இருக்கும் கணு மூட்டும் முன்னங்கால் முட்டியும் ஒவ்வொரு அடியிலும் அதை வாங்குகின்றன. மூட்டுக்குள் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பில் இரத்தக் குழாய் கிடையாது. நடக்கும்போது அழுந்தி விரிவதில்தான் மூட்டு நீரிலிருந்து அது தன் சத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே அளவான நடை குருத்தெலும்புக்குச் சாப்பாடு. அளவு மீறிய பாரம் அதற்கு அரிப்பு. தேய்மானம் ஒருநாளில் தெரியாது. "இறக்கத்துல முன்னங்கால வைக்க யோசிக்குது" என்று குதிரைக்காரர் சொல்வதுதான் முதல் அறிகுறி. காலையில் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்ததும் முதல் பத்தடி விறைப்பாக வைத்து, பிறகு சரியாகிவிடும். இன்னும் கொஞ்ச நாளில் அதுவும் சரியாகாது. மேட்டுக்குப் பனி இறங்கும் மாதங்களில் விறைப்பு கூடுதலாகத் தெரியும்.

இந்த நிலையில்தான் யாராவது அந்தப் பொடியைப் பற்றிச் சொல்வார்கள். மலையடிவார மருந்துக்கடையில் குதிரைக்கென்று செய்த டப்பா கிடைப்பது அரிது. மனிதருக்கான குளுக்கோசமைன் மாத்திரைதான் உடனே கையில் வரும். இங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும், இதைச் சொல்வதற்காகவே இவ்வளவு தூரம் வந்தேன் என்றுகூடச் சொல்லலாம். நம் ஊரில் விற்கும் பல மாத்திரைகளில் குளுக்கோசமைனோடு டயாசெரின் சேர்ந்திருக்கும். அது மனிதருக்கே வயிற்றுப்போக்கைத் தரும் மருந்து. பெருங்குடலையே அடுப்பாக வைத்து வாழும் குதிரைக்குக் குடல் கலங்கினால் உயிர் போகலாம். சில மாத்திரைகளில் வலிநிவாரணியும் கலந்திருக்கும். அது வயிற்றில் புண் உண்டாக்கும், வலியை மறைத்து நொண்டிக் காலோடு குதிரையைச் சுமக்க வைக்கும். கோழிக்கும் மாட்டுக்கும் கலக்கும் சில தீவனக் கலவைகளில் மோனென்சின் இருக்கும். அது குதிரையின் இதயத்தைக் கொல்லும் நஞ்சு, கொஞ்சம் போதும். அட்டையின் பின்பக்கத்தை வரிக்கு வரி படித்துவிட்டு, புரியாததைக் கால்நடை மருத்துவரிடம் காட்டாமல் எதையும் தொட்டியில் போடக் கூடாது.

குதிரைக்கென்றே செய்த டப்பா கிடைத்தாலும் முகப்பில் எழுதியிருப்பது உள்ளே இருக்கிறது என்று நம்பிவிட முடியாது. 2006இல் வெளியான ஆய்வொன்றில் குதிரைகளுக்கு விற்கும் 23 மூட்டுப் பொடிகளைச் சோதித்தார்கள். 9 பொடிகளில் சொன்ன அளவை விடக் குறைவாக இருந்தது. அதில் 4 பொடிகளில் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. காசுக்கு ஒரு குதிரையும் வேண்டும், காற்றைப்போலப் பறக்கவும் வேண்டும் என்ற பழமொழி மலிவுப் பொடி வாங்குபவருக்கும் பொருந்தும். ஒரு நாள் அளவில் எத்தனை கிராம் குளுக்கோசமைன் என்று எண்ணில் போடாத, எல்லாவற்றையும் 'சிறப்புக் கலவை' என்ற ஒரே பெயரில் மூடிவைக்கும் டப்பாவை நான் வாங்க மாட்டேன்.

உப்பு வடிவத்தையும் கவனிக்க வேண்டும். ஹைட்ரோகுளோரைடு வடிவத்தில் 100 கிராமுக்கு 83 கிராம் குளுக்கோசமைன் இருக்கும். சல்பேட் வடிவம் காற்றில் ஈரம் பிடித்துக் கெடும் என்பதால் அதோடு பொட்டாசியம் குளோரைடோ சாதாரண உப்போ சேர்த்து நிலைப்படுத்துகிறார்கள். அதில் குளுக்கோசமைன் 100க்கு ஏறக்குறைய 60 தான். இரண்டு டப்பாவிலும் 10 கிராம் என்று போட்டிருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல.

அளவுக்கு வருவோம். உலகமெங்கும் டப்பாக்களில் காணும் கணக்கு 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 10 கிராம், அதாவது கிலோ எடைக்கு 20 மில்லிகிராம். முதல் நாலைந்து வாரம் இரட்டிப்பாகக் கொடுக்கச் சொல்லும் டப்பாக்களும் உண்டு. ஆனால் நம் மலைக்குதிரை 500 கிலோ கிடையாது. அதன் எடையை மேடையில்லாமலே கண்டுபிடிக்கலாம். தையல்காரரின் நாடா போதும். முன்னங்கால் இடுக்குக்குப் பின்னால் சுற்றி நெஞ்சளவு எடுக்க வேண்டும், குதிரை மூச்சை விட்ட நேரத்தில். பிறகு தோள்முனையிலிருந்து புட்டமுனை வரை நீளம். நெஞ்சளவை நெஞ்சளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ வரும். நெஞ்சு 140 சென்டிமீட்டர், நீளம் 125 என்றால் 206 கிலோ. அந்தக் குதிரைக்கு நாளைக்கு 4 கிராம்தான் கணக்கு. பெரிய குதிரையின் கரண்டியால் அளந்து போட்டால் பாதிக்கு மேல் காசு சாணத்தோடு போகும். காலை மாலை என இரண்டாகப் பிரித்து, ஊறவைத்த கொள்ளிலோ நனைத்த தவிட்டிலோ பிசைந்து கொடுக்க வேண்டும். உலர்ந்த தீவனத்தின் மேல் தூவினால் பொடி அடியில் தங்கிவிடும், குதிரை மேலே தின்றுவிட்டுப் போய்விடும்.

கடலிலிருந்து மலைக்கு வந்த பயணத்தில் பொடி இழந்தது அதிகமில்லை. மிஞ்சியிருக்கும் சில அடி தூரத்தில், தொட்டியிலிருந்து முட்டிக்குப் போவதற்குள், ஏறக்குறைய எல்லாவற்றையும் இழக்கிறது. குளுக்கோசமைன் குதிரையின் குடலிலும் கல்லீரலிலும் பெரும்பகுதி கழிந்துபோகும். 2005இல் கனடாவின் மாண்ட்ரியால் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வில், மூக்குக் குழாய் வழியாகக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் கொடுத்தபோது இரத்தத்தை எட்டியது ஏறக்குறைய 6 சதவீதம். வேறொரு ஆய்வில் அது 2.5 சதவீதம். நம் 206 கிலோ குதிரைக்குப் போட்ட 4 கிராமில் நல்ல கணக்கில் பார்த்தாலும் கால் கிராம். அது உடம்பு முழுக்கப் பரவியது போக மூட்டு நீரில் காணக் கிடைத்த அளவு, ஆய்வகக் குடுவையில் குருத்தெலும்பு செல்களுக்கு உதவியதாகச் சொல்லப்பட்ட அளவை விடப் பல நூறு மடங்கு குறைவு. காண்ட்ராய்டின் குடலைத் தாண்டும் விகிதம் இதைவிட மேல் என்கிறார்கள். அது பெரும்பாலும் மாட்டின் மூச்சுக்குழலிலிருந்தும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்தும் வரும், அதற்குத் தனி வரலாறு.

குதிரைகளில் நடந்த சோதனைகளை எல்லாம் 2009இல் ஒரு தொகுப்பாய்வு எடைபோட்டுப் பார்த்தது. நம்பி எதையும் சொல்வதற்குத் தரமான சான்று குறைவு என்பது அதன் முடிவு. நெதர்லாந்தின் உட்ரெக்டில் 24 முதிய குதிரைகளுக்கு 3 மாதம் குளுக்கோசமைன், காண்ட்ராய்டின், எம்எஸ்எம் என்ற கந்தகச் சேர்மம் ஆகியவை கலந்த பொடி கொடுத்து நடையை அளந்தார்கள். நடை தேறியது என்று காட்டும் மாற்றம் எதுவும் கிடைக்கவில்லை. பலன் தெரிந்ததாகச் சொல்லும் சிறிய ஆய்வுகளும் உண்டு. பெரும்பாலும் ஒப்பிட்டுப் பார்க்க வெற்றுப்பொடி வைக்காதவை. நொண்டல் தானாகவே ஏறி இறங்கும். குதிரை மோசமாக இருக்கும் வாரத்தில்தான் யாரும் பொடி வாங்குவார்கள், அடுத்த வாரம் அது எப்படியும் சற்றுத் தேறியிருக்கும்.

எனவே கையில் இருக்கும் பணம் முதலில் எங்கே போக வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. 1965ஆம் ஆண்டின் சுமை விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளின்படி மட்டக்குதிரையின் முதுகில் ஏற்றலாமென்று இருக்கும் உச்ச அளவு 70 கிலோ. கோவேறு கழுதைக்கு 200, கழுதைக்கு 50. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் ஓய்வில்லாமல் 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. இரண்டு பக்கமும் பெரிய மூட்டை தொங்கும் மட்டக்குதிரையைப் பார்க்கும்போதெல்லாம் அந்த 70ஐ நினைத்துக்கொள்வேன். அறுவடை நெருக்கடியில் மூட்டையின் எடையைக் குறைத்து நடையைக் கூட்டுவது குதிரைக்காரருக்குக் கூலி இழப்பு. வியாபாரி மூட்டைக் கணக்கில்தான் கூலி கொடுக்கிறார். இதைத் தனி ஒரு குதிரைக்காரரின் தலையில் கட்டுவது அநியாயம். மூட்டையின் அளவையே சிறிதாக்கிக் கூலியைக் கிலோவுக்குப் பேசினால் முட்டிகள் தப்பும். அடுத்தது குளம்பு. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவி, இரண்டு பக்கமும் சமமாக வைத்து லாடம் அடிக்காத குளம்பில், தேய்மானத்தை எந்தப் பொடியும் நிறுத்தாது. சேணத்தின் இரண்டு பக்கமும் ஒரே எடை, வேலை முடிந்ததும் கட்டிப்போடாமல் மெல்ல நடக்கவிட்டு மேய்ச்சல், கொழுக்காத உடம்பு. இவற்றுக்கெல்லாம் பிறகுதான் டப்பா.

பூண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அது எப்போதும் அந்த முதுகின் மேலேயே இருக்கிறது. வெளிநாடுகளில் பூண்டுத் தூளையும் குதிரைச் சத்து என்று விற்கிறார்கள். மூட்டைக்குப் பக்கத்தில் கழித்த பூண்டு குவிந்து கிடப்பதால் அள்ளிப்போடத் தோன்றும். தினமும் அதிகமாகப் பூண்டு தின்ற குதிரைகளுக்குச் சிவப்பணுக்கள் சிதைந்து இரத்தசோகை வந்ததைக் கனடாவில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். கழிவுப் பூண்டு குதிரைத் தொட்டிக்கு வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு, பாரம் குறைத்து, குளம்பு சீவி, மருத்துவர் பார்த்து, இன்னும் விறைப்பு மிஞ்சும் ஒரு வயதான குதிரைக்குப் பொடி கொடுத்துப் பார்க்க விரும்புபவரைத் தடுக்க மாட்டேன். சரியான அளவில் கொடுத்தால் பொதுவாகக் கெடுதல் இல்லை. ஆனால் தொடங்கும் நாளன்றே, காலையில் அவிழ்த்தவுடன், ஒரே படிக்கட்டு வரப்பில், சுமையில்லாமல் இறங்குவதைக் கைப்பேசியில் படம் பிடித்துவைக்க வேண்டும். பக்கத்திலிருந்து ஒன்று, முன்னாலிருந்து ஒன்று. மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே நேரத்தில் இன்னொன்று. மூன்று மாதத்துக்குள் லாடமோ சுமையோ தீவனமோ மாறினால் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் மாத முடிவில் குதிரையின் பழக்கம் தெரிந்த, பொடியைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் தேதியை மறைத்து எல்லாவற்றையும் காட்டி எது சிறந்த நடை என்று கேட்க வேண்டும். அவர் விரல் கடைசிப் படத்தில் விழவில்லையென்றால் டப்பாவை நிறுத்திவிட்டு, அந்தத் தொகையை அடுத்த லாடத்துக்கு எடுத்துவைக்கலாம்.